ஆணி அடித்த மசாலா டின்கள்

எங்கள் வீட்டில் மீனுக்கும் ஒரே தூள்தான், இறைச்சிக்கும் அதேதான், பருப்புக்கும் அதேதான். காய்ச்சல் வந்தால் அதிலேயே அரைக் கரண்டி எடுத்து ரசம் வைத்துவிடுவாள் என் மனைவி. இப்போது நாங்கள் இருக்கும் பாச்சாங்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள், "என்ன அளவுங்க இது, எழுதிக் குடுங்களேன்" என்று கேட்பதுண்டு. எழுதிக் கொடுப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையாக எழுதினால் முதல் வரியிலேயே "பயந்தாங்கொள்ளி ஒருவன், சுத்தியல் ஒன்று, இரண்டங்குல ஆணி ஒன்று" என்று எழுத வேண்டியிருக்கும். அதனால் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான். இப்போது ஐம்பதைத் தொடப் போகிறேன். அப்போது இருபத்தாறு வயது. செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், புகைக்கூடத்தில் வேலை. ஈர ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே விறகை மூட்டி, புகையிலேயே காய வைக்கிற இடம் அது. ஒரு ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், முதல் தரமா மூன்றாம் தரமா என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். கண் சம்பாதித்த பெருமைக்கெல்லாம் சேர்த்து மூக்கு அழிந்துபோனது. ஆறு வருஷம் புகை குடித்த மூக்கு. மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அதற்கு ஒன்றுதான்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை சோறுகூட இங்கிருந்து போகக்கூடாது என்பது சர்க்காரின் எண்ணம். அரிசி அளந்துதான் கிடைக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். தண்ணீர்ப் போத்தலைக்கூடத் திறந்து முகர்வார்கள். கடையில் சார்டின் டின்னோ பால் டின்னோ வாங்கினால், கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். ஓட்டை விழுந்த டின் நாள்பட நிற்காது. உடனே தின்று தீர்த்தாக வேண்டும். காட்டுக்குக் கடத்த முடியாது. அப்படி ஒரு சட்டம். எல்லாரும் அந்தச் சட்டத்தை அறிந்திருந்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாக அறிந்திருந்தேன், அதுதான் வினை.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் மனைவி முழுகாமல் இருந்தாள். மசக்கை மூன்றாம் மாதத்தோடு போய்விடும் என்று லயத்துப் பெண்கள் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். அவளுடைய மசக்கைக்கு அது தெரியாது போலும். ஐந்தாம் மாதம் பிறந்தும் ஒரு கவளம் உள்ளே போனால் இரண்டு கவளம் வெளியே வந்தது. கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கழுத்தில் தாலிக்கயிறு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அவளை எடை பார்த்துவிட்டு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "இப்படியே போனா புள்ளைக்கு ஆகாதுப்பா. எதையாவது சாப்பிட வை. என்ன கேக்குதோ அதைக் குடு" என்றார்.

அவள் கேட்டது ஒன்றுதான்: அவள் அம்மாவின் கைக்குழம்பு. அம்மா இருந்தது ரெம்பியாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில். சாதாரண நாளில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அப்போதோ தோட்டத்தை விட்டு வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டும், ஊரடங்குக்குள் போய்ச் சேர வேண்டும், வழியில் எங்கே நிறுத்துவார்கள் என்று தெரியாது. ஒன்பதாம் மாதத்துக்குத்தான் அனுமதி கிடைக்கும் என்று ஆளனுப்பிச் சொன்னார் மாமியார். தான் வர முடியாததற்குப் பதிலாக ஒரு லோரிக்காரரிடம் நான்கு டின்களைக் கொடுத்தனுப்பினார். பழைய பால்மாவு டின்கள். ஒன்றில் மீன் தூள், ஒன்றில் இறைச்சித் தூள், ஒன்றில் சாம்பார்த் தூள், ஒன்றில் மிளகும் சீரகமும்.

அந்த டின்கள் வந்த அன்று என் மனைவி மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். வாந்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சமைக்கும் முன்னால் டின்னைத் திறந்து, கண்ணை மூடி ஒரு தடவை முகர்வாள். அந்த நேரத்தில் நான் பேச்சுக் கொடுத்தால் கையை நீட்டி என்னை நிறுத்துவாள், அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போனவனைப் போல. ஒன்பதாம் மாதம் வரைக்கும் வர வேண்டுமே என்று கரண்டியைத் தட்டித் தட்டித்தான் எடுப்பாள்.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். அன்று எனக்கு வேலை இல்லை. அவள் துணி துவைக்கப் பொதுக் குழாய்க்குப் போயிருந்தாள். புகைக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவன் ஒருவன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், வீடு வீடா பாக்க வர்றானுங்க. பட்டாளமும் வந்துருக்கு."

"என்னாத்தப் பாக்கவாம்?"

"டின்னு லா! ஓட்டை போடாத டின்னு வச்சிருக்கவன லோரில ஏத்திருவானுங்களாம்."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க, அத வுடு. ஒன் வூட்டுல இருக்கா?"

என் கண் அடுப்படிப் பக்கம் போனது. என் முகம் சொல்லியிருக்க வேண்டும். "இருக்கு போல" என்றவன், என் வாசலில் நிற்பதே குற்றம் என்பதுபோல நடையைக் கட்டினான்.

அதற்குப் பிறகு நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். லோரியில் ஏறிவிட்டேன், ஜெயிலுக்குப் போய்விட்டேன், பிள்ளை பிறந்து, வளர்ந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை யாரோ அந்நியரைப்போல "துவான்", அதாவது ஐயா, என்று கூப்பிட்டும்விட்டது. இத்தனையும் அடுப்படிக்கு ஆறு எட்டு வைப்பதற்குள். டின்களை முதலில் விறகுக்குள் ஒளித்தேன். விறகு சந்தேகப்படும்படி இருந்தது. கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஒளித்து வைத்ததுபோலவே இருந்தது. அவளுடைய பழைய சேலையில் சுற்றினேன். சேலைக்குள் நான்கு டின்கள் அப்படியே நான்கு டின்களாகத் தெரிந்தன.

அப்போதுதான் எனக்கு அறிவு வந்தது; வராமலே இருந்திருக்கலாம். ஓட்டை போடாத டின்தானே குற்றம்? ஓட்டை போட்டுவிட்டால்? மூடியில் போட்டால் செல்லாது, மூடியைத்தான் மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். அடியில் போட வேண்டும். சட்டத்தை இவ்வளவு நுணுக்கமாக அதை எழுதியவரே யோசித்திருக்க மாட்டார்.

பாயை விரித்தேன். நான்கு டின்களையும் நெருக்கி அடுத்தடுத்துக் கவிழ்த்தேன். ஒவ்வொரு டின்னின் அடியிலும் நான்கு நான்காக ஆணி அடித்தேன். அவசரத்திலும் ஓட்டைகள் எல்லாம் முதல் தரம். வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. நான்கையும் ஒரே அணைப்பாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன்.

டின்கள் என்னோடு வந்தன. மூடிகள் பாயிலேயே இருந்துவிட்டன.

"ஒண்ணு கொட்டுனதும் நிறுத்திருக்கலாம்ல?" என்று என் மனைவி இத்தனை வருஷமாகக் கேட்கிறாள். ஒவ்வொன்றாகத் தூக்கியிருந்தால் நிறுத்தியிருப்பேன். பயந்தவன் எதையும் ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பாயில் சிவப்பும் செம்மண் நிறமும் மஞ்சளும் சாம்பலுமாக ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த நான்கு குன்றுகள். அப்போதுகூடக் கரண்டியால் பிரித்து எடுத்திருக்கலாம். ஆனால் வாசனை தெரியாத என் மூக்குக்குக் காரம் மட்டும் தெரியும். குனிந்த வாக்கில் தும்மினேன். நான்கு தூளும் ஒரே தூளானது.

தலையை நிமிர்த்தினால் வாசலில் கேட்டுக் காவலுக்கு நிற்கிற வயதான மலாய்க்காரப் போலீஸ்காரர். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்.

"ஆப்பா இனி?" என்றார் போலீஸ்காரர், பாயைக் காட்டி. என்ன இது என்று கேட்கிறார்.

நான் எழுந்து விறைப்பாக நின்று, காலி டின் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். "சுடா லோபாங், துவான்! லோபாங்! எல்லாத்துலயும் லோபாங்!" ஓட்டை போட்டாகிவிட்டது ஐயா என்று எனக்குத் தெரிந்த மலாயில் முறையிட்டேன்.

அவர் டின்னை வாங்கி, ஆணித்துளை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். அவருக்கு எங்கள் பேச்சு நன்றாக வரும்.

"தம்பி, இது கறித்தூளு லா. சார்டினுக்குத்தான் ஓட்டை. கறித்தூளுக்கு யார் ஓட்டை போடச் சொன்னா?"

அதற்குள் சிப்பாய் நான்கு முறை தும்மிவிட்டு வெளியே ஓடினான். அவர்கள் டின்னைத் தேடி வரவே இல்லை. அடையாளக் கார்டில் இருக்கிற முகமும் வீட்டில் இருக்கிற முகமும் ஒன்றுதானா என்று பார்க்க வந்தவர்கள். போலீஸ்காரர் என் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படத்துல பயம் கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த லயத்திலேயே சீக்கிரம் சோதனை முடிந்த வீடு எங்களுடையதுதான்.

என் மனைவி ஈரத்துணி வாளியோடு உள்ளே வந்தாள். பாயைப் பார்த்தாள். ஓட்டை டின்களைப் பார்த்தாள். வாளியை இறக்கிவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள். ஓரத்தில் இன்னும் கலக்காமல் சிவப்பாகக் கிடந்த துளியை விரலில் தொட்டு முகர்ந்தாள்.

"அம்மாவோட மீன் தூளு" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் என்ன பதில் சொல்வது என்று தயாராகத்தான் நின்றேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "அவங்க ஒங்கள ஒண்ணும் செய்யலல்ல, மாமா?" என்று கேட்டாள்.

பாயின் ஓரமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். "சுடா லோபாங்" வந்த இடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, வாந்தி என்று நான் ஓடிப்போய் அதற்கென்று வைத்திருந்த தகரப் பேசினை எடுத்து வந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்பு வயிற்றை நிரப்பாதே. அன்று மத்தியானம் அந்தக் கலவையைப் போட்டே குழம்பு வைத்தாள். ஒரு கவளம் வாயில் வைத்ததும் எழுந்து வெளியே ஓடினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வெறும் கஞ்சியும் தங்கவில்லை. பிள்ளைக்கு ஆகாதுப்பா என்று டிரஸ்ஸர் சொன்னது என் காதிலேயே நின்றது. ரெம்பியாவுக்கு ஆளனுப்பினால் அடுத்த தூள் வந்து சேர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் காலையில் அவளே அந்தத் தூளைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, தள்ளிவைத்து, கிட்டவைத்து, தள்ளிவைத்து முகர்ந்தாள்.

"தூளு கெட்டுப்போவல, மாமா. சண்ட போடுது."

"யாரோட?"

"ஒண்ணோட ஒண்ணு. மீன் தூளு வெந்தயம் ஒரு பக்கம் கசக்குது. எறச்சித் தூளு பட்டையும் கிராம்பும் ஒரு பக்கம் கத்துது. நடுவுல பெரிய மனுசன் ஒருத்தர ஒக்கார வச்சா அடங்கிரும்."

"யாரு அந்தப் பெரிய மனுசன்?"

"கொத்தமல்லி."

தோட்டத்துக் கடையில் கொத்தமல்லி கிடைத்தது, சீரகமும் கிடைத்தது. யார் வறுப்பது என்பதுதான் கேள்வி. அடுப்பில் எதையாவது வறுக்கிற புகை கிட்டே வந்தாலே அவளுக்குக் குமட்டும். வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து இரண்டு ஆள் மூக்கு அப்போது அவளுக்கு. எனக்கோ அரை மூக்கும் இல்லை. இருவரையும் கூட்டி வகுத்தால் சரியாக இருக்கும் என்று அவள்தான் சொன்னாள். லயத்துக் கோடியில் ரம்புத்தான் மரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு முக்காலியைப் போட்டு, காற்று அவள் பக்கத்திலிருந்து வீசும்படி உட்கார்ந்துகொண்டாள். நான் அடுப்புக்கு முன்னால். நடுவில் ஐந்து வீடு.

"சட்டி காஞ்சிருச்சா?" அவள் குரல்.

"காஞ்சிருச்சு!"

"மல்லியப் போடுங்க! தீயக் கொறைங்க!"

"கொறைச்சாச்சு!"

நடுவில் இருந்த ஐந்து வீட்டிலும் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "என்ன தம்பி, புகைக்கூடத்த வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்றார் ஒரு அக்கா. நான் கிளறிக்கொண்டே இருந்தேன். கண்ணுக்கு மல்லி அழகான இரண்டாம் தரத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் முதல் தரம் வரும் என்று பட்டது.

"எறக்குங்க!" என்றாள்.

"இன்னும் நெறம் வரல!"

"எறக்குங்க மாமா! கருகுது!"

"எனக்குத் தெரியலயே!"

"ஒங்களுக்கு எது தெரிஞ்சிருக்கு? எறக்குங்க!"

இறக்கினேன். கருகித்தான் போயிருந்தது. ஐந்து வீடு தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்த மூக்கு அதைக் கண்டுபிடித்திருந்தது. இரண்டாம் முறை நான் வாயை மூடிக்கொண்டு, அவள் சொன்ன சொல்லுக்குச் சட்டியை இறக்கினேன். பிறகு சீரகம். பிறகு கறிவேப்பிலை, கையில் நொறுங்குகிற வரைக்கும். கடைசியில், அளந்து வாங்கிய அரிசியிலிருந்து ஒரு பிடி. அந்த ஒரு பிடியைச் சட்டியில் போடும்போது மட்டும் கேட் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். ஆணி பக்கம் போகவில்லை. அந்த அளவுக்குத் திருந்தியிருந்தேன்.

உரலில் போட்டு இடித்தேன், சலித்தேன், சல்லடையில் நின்ற கப்பியை மறுபடி இடித்தேன். அவள் மரத்தடியிலிருந்து வீட்டுக்கு வந்து, நான்கு தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்தாள். பழைய தூளையும் புதியதையும் ஒவ்வொரு சிரட்டையிலும் ஒவ்வோர் அளவில் கலந்து, வெந்நீர் விட்டுக் குழைத்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். முதலாவதை வைத்ததும் முகம் சுளித்தாள். இரண்டாவதற்கு, "இன்னும் கிராம்பு கத்துது" என்றாள். மூன்றாவதற்கு, "இது யாரு வூட்டுக் கொழம்போ" என்றாள். நான்காவதை நாக்கில் வைத்தாள். மறுபடி விரலை விட்டு நக்கினாள். மறுபடியும்.

பழைய தூள் நான்கு கை, மல்லி இரண்டு கை, சீரகம் அரைக் கை, வறுத்த அரிசி ஒரு பிடி, கறிவேப்பிலை இரண்டு கொத்து. அளவு கேட்டவர்களுக்கு இப்போது சொல்லியாயிற்று. பழைய தூளுக்கு எங்கே போவது என்று என்னைக் கேட்கக்கூடாது.

நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் போட்டு அவளே குழம்பு வைத்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பேசினைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். முதல் கவளம். பேசினை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். இரண்டாவது கவளத்தில் அவள் கை நின்றது.

"என்னாச்சு?" என்றேன், பேசினை நீட்டியபடி.

"அதக் கீழ வைங்க, மாமா. அதப் பாத்தாத்தான் கொமட்டுது."

முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் சாப்பிட்டாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். இப்போது வரும், இதோ வரும் என்று நான் எதிரில் குந்தியிருந்தேன். தோட்டத்துச் சங்கு ஊதியது. வரவில்லை. நான் எப்போது பார்த்தாலும் அவள் தொண்டை அசைவதுபோலவே தெரிந்தது. அசைந்தது என் கை, பேசினோடு சேர்ந்து. கடைசியில் அவள் கண்ணைத் திறக்காமலே, "சட்டில இன்னுங் கொஞ்சம் சோறு இருக்கா?" என்று கேட்டாள். எழுந்து போனவன், அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்தேன். கேட்டிருந்தால் மிளகாய்க் காரம் என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

மறுநாள் ரப்பர்ப் பால் கொஞ்சம் கொண்டுவந்து டின்களின் ஓட்டைகளில் சொட்டுச் சொட்டாக விட்டுக் காய வைத்தேன். காற்றுப் புகாமல் அடைந்துகொண்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே தூள். மீன் கிடைத்தால் மீனுக்கு, ஒன்றும் கிடைக்காவிட்டால் பருப்புக்கு. அடுத்த மாதம் எடை பார்த்த டிரஸ்ஸர், "என்னப்பா குடுத்த?" என்று கேட்டார். தும்மல் என்று சொல்ல நாக்கு வரை வந்தது.

ஒன்பதாம் மாதம், அனுமதிச் சீட்டும் கையுமாக மாமியார் வந்து இறங்கினார். மகளைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து புதிதாக நான்கு டின்களை எடுத்து அடுப்படியில் வரிசையாக வைத்தார். நான் எங்கள் பழைய டின்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன். இதோ உண்மையான அம்மா, உண்மையான தூள். என் ஒட்டுப்போட்ட டின்னுக்கு இனி இந்த வீட்டில் என்ன வேலை?

அன்று சமைத்தது என் மனைவி. ஒரு வாய் வைத்ததுமே மாமியார் நிறுத்திவிட்டார்.

"இது என் தூளு இல்லியே. யாரு வறுத்தது?"

"ஒங்க மாப்பிள்ளதான்மா."

"மாப்பிள்ளையா? அவருக்குத்தான் மூக்கே கெடையாதே!"

"மூக்கு நான் குடுத்தேன்" என்றாள் என் மனைவி.

மாமியார் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். அதற்குமேல் அவரிடம் பாராட்டு எதிர்பார்க்கக்கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி எழுந்து, பாயை எடுத்துத் தரையில் விரித்தாள். புதிய டின்கள் நான்கையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதில் வைத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து, கண்ணை மூடி, முன்போலவே ஒரு தடவை முகர்ந்தாள். பிறகு மூடியை மூடி, நெருக்கி அடுத்தடுத்துக் கவிழ்த்தாள்.

"என்னடி செய்யுற?" என்றார் மாமியார்.

அவள் கவிழ்த்த டின்களின் அடியை விரலால் தட்டினாள். என் பக்கம் கையை நீட்டினாள்.

"மாமா, அந்த ஆணிய எங்க வச்சீங்க?"